ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும்போது: 500 கிலோ பட்டறை டிராலி செய்ய முழுமையான வழிகாட்டி

கோவையில் கணபதி, பீளமேடு, குறிச்சி பக்கம் எந்தச் சின்னப் பட்டறைக்குள் நுழைந்தாலும் ஒரு டிராலி கண்ணில் படும். மிச்சமான ஆங்கிள் துண்டுகளை வெட்டி ஒட்டி, கிடைத்த சக்கரத்தை அடியில் மாட்டி, ஒரே மத்தியானத்தில் செய்து முடித்ததாக இருக்கும். கிரேன் எல்லா மூலைக்கும் எட்டாது, ஃபோர்க்லிஃப்ட் எல்லாரிடமும் கிடையாது. பம்பு பாடி காஸ்டிங் (வார்ப்பு) லாரியிலிருந்து இறங்கி லேத்துக்குப் போகவும், அங்கிருந்து டிரில்லிங்குக்கும் பெயிண்டிங்குக்கும் போகவும் அந்த டிராலியைத்தான் நம்பியிருக்கிறோம். லேத்துக்குக் கொடுக்கும் கவனத்தில் நூறில் ஒரு பங்கைக்கூட அதற்குக் கொடுப்பதில்லை.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் 180 கிலோ காஸ்டிங் ஒன்றை டிராலியில் தள்ளிக்கொண்டு போனார்கள். ரோலிங் ஷட்டர் வந்து உட்காரும் தரைப் பள்ளத்தில் ஒரு முன்சக்கரம் இறங்கியது. எதிர் மூலைச் சக்கரம் தரையை விட்டு மேலே எழும்பியது. ஒரு நொடிதான். இறங்கிய சக்கரத்தை டிராலியின் அடியோடு சேர்க்கும் பிளேட் வெல்டிங்கோடு பிய்ந்து, டிராலி சாய்ந்து, காஸ்டிங் வழுக்கி ஹெல்பர் தம்பியின் கால் மேல் விழுந்தது. இரண்டு விரல் முறிந்தது.

"நேத்து வரைக்கும் நல்லாத்தானுங்க ஓடுச்சு" என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். பிய்ந்த பிளேட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். உடைந்த பரப்பில் பாதி வெள்ளி மாதிரி பளபளப்பாக இருந்தது. மீதிப் பாதி பழுப்புத் துரு. அதாவது பாதி வெல்டிங் அன்றைக்கு உடையவில்லை, பல வாரம் முன்பே விரிசல் விட்டு, காற்றும் ஈரமும் பட்டுத் துருவேறியிருந்தது. மிச்சப் பாதியில்தான் அத்தனை நாளும் வண்டி ஓடியிருக்கிறது.

அன்றிலிருந்து டிராலி செய்வதென்றால் நான் முதலில் யோசிப்பது அந்த நொடியைத்தான்: நான்கில் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும் நொடி. சமதளத்தில் நான்கு காலில் நிற்கும் டிராலி எதையும் தாங்கும். பள்ளத்தில், நிலைப்படியில், ஒரு போல்ட் தலை மேல் ஏறும்போது மூன்று சக்கரம்தான் எடையைச் சுமக்கிறது. கீழே வரும் அளவுகள் எல்லாம் அந்த மூன்று சக்கரக் கணக்கிலிருந்து வந்தவை.

படி 1: எதை, எவ்வளவு, எந்தத் தரையில்

பைப் வெட்டுவதற்கு முன்னால் ஒரு காகிதத்தில் மூன்று விஷயம் எழுதுங்கள். ஏற்றப்போகும் பொருளிலேயே அதிக எடை கொண்டது எது, போகும் வழியில் மேடு பள்ளம் எங்கெல்லாம் இருக்கிறது, வழியிலேயே குறுகலான இடம் எத்தனை மி.மீ.

இந்த வழிகாட்டிக்கு நான் எடுத்துக்கொள்வது இரண்டு தட்டு டிராலி. கீழ்த் தட்டில் 300 கிலோ, மேல் தட்டில் 200 கிலோ, மொத்தம் 500. கீழே சொல்லும் அளவுகளில் செய்தால் டிராலியின் சொந்த எடை சக்கரத்தோடு சேர்த்து ஏறத்தாழ 90 கிலோ வரும். ஆக, உருளப்போவது 590 கிலோ. சொந்த எடையைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் முதல் தப்பு.

தள்ளுவதற்கு எவ்வளவு பலம் வேண்டும்? பிரிட்டனின் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஹெல்த் அண்ட் சேஃப்டி எக்ஸிகியூட்டிவ் ஒரு எளிய கணக்கு சொல்கிறது. நல்ல சக்கரம், கெட்டியான சமதளம் என்றால் எடையில் குறைந்தது 2 சதவீதம், மோசமான தரை என்றால் 10 சதவீதம் வரை. நமது 590 கிலோவுக்கு நல்ல தரையில் 12 கிலோ, மோசமான தரையில் 59 கிலோ. அதே அமைப்பின் வழிகாட்டலில், வண்டியை நகர்த்தத் தொடங்கவும் நிறுத்தவும் ஆணுக்கு 20 கிலோ, பெண்ணுக்கு 15 கிலோ என்ற அளவைத் தாண்டினால் கூர்ந்து ஆராய வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது 10 கிலோவும் 7 கிலோவும். ஆகவே முழு எடை ஏறினால் இந்த டிராலிக்கு நல்ல தரையிலும் இரண்டு ஆள் வேண்டும். பெயர்ந்த தரையில் இரண்டு ஆளும் போதாது.

சரிவு இருந்தால் கதையே வேறு. 12 அடிக்கு 1 அடி ஏறும் சாய்தளத்தில், உருளும் தடையைத் தவிர்த்து, புவியீர்ப்பு மட்டும் 49 கிலோ பின்னால் இழுக்கும். அப்படியொரு சாய்தளம் உங்கள் வழியில் இருந்தால் இந்த டிராலியை ஆள் தள்ளக் கூடாது. கயிற்றைச் சுருட்டி இழுக்கும் வின்ச் வையுங்கள், அல்லது சரக்கைப் பிரித்து ஏற்றுங்கள்.

படி 2: சக்கரம்

செலவில் கை வைக்கக் கூடாத இடம் இது.

முதலில் தாங்கும் எடை. 590-ஐ நான்கால் வகுத்து, ஒரு சக்கரத்துக்கு 150 கிலோ போதும் என்று வாங்கிவிடுவார்கள். மூன்றால் வகுக்க வேண்டும். 590-ல் மூன்றில் ஒன்று 197. பள்ளத்தில் இறங்கும் குலுக்கலையும் சேர்த்து, ஒவ்வொன்றும் 300 கிலோ தாங்கும் சக்கரமாக எடுங்கள். கேட்டலாக்கில் போடும் எடை மனிதர் நடக்கும் வேகத்துக்கு, அதாவது மணிக்கு 4 கி.மீ. அளவுக்குப் போட்டது. அதனால் இந்த டிராலியை ஃபோர்க்லிஃப்ட் பின்னால் கயிறு கட்டி இழுப்பது எந்தக் காலத்திலும் கூடாது.

அடுத்தது விட்டம். இதை ஒரு கணக்கோடு பார்த்தால்தான் மனதில் பதியும். தரையில் 10 மி.மீ. மேடு ஒன்று இருக்கிறது, ஒரு சக்கரத்தின் மேல் 147 கிலோ (590-ல் கால் பங்கு) இருக்கிறது, வண்டி நின்ற நிலையிலிருந்து ஏற வேண்டும். 100 மி.மீ. சக்கரத்துக்கு ஏறத்தாழ 110 கிலோ விசை தேவை. 150 மி.மீ. சக்கரத்துக்கு 85 கிலோ. 200 மி.மீ. சக்கரத்துக்கு 71. முன்சக்கரம் இரண்டும் ஒரே நேரத்தில் மோதினால் இது இரட்டிப்பாகும். யாராலும் நின்று தள்ள முடியாது என்பதால்தான் ஆட்கள் நாலடி பின்னால் போய் வேகம் எடுத்து மோதி ஏற்றுகிறார்கள். வெல்டிங்கில் விரிசல் ஆரம்பிப்பது அந்த மோதலில்தான். எனவே 150 மி.மீ.க்குக் கீழே போகாதீர்கள். கையோடு, ஷட்டர் பள்ளத்தின் மேல் ஓரம் சரிவாகச் சீவிய 6 மி.மீ. தகடு ஒன்றைப் போட்டு வையுங்கள், ஷட்டர் இறக்கும்போது எடுத்துக்கொள்ளலாம்.

சக்கரத்தின் பொருள் விஷயத்தில் கடைக்காரர் சொல்வதை அப்படியே கேட்காதீர்கள். பி.யு. (பாலியூரித்தேன்) சக்கரம் சத்தமில்லாமல் ஓடும், தரையைக் கீறாது, எண்ணெய்க்கும் தாங்கும். ஆனால் லேத் பக்கம் ஓடும் வண்டிக்கு அதில் ஒரு குறை உண்டு. தரையில் கிடக்கும் இரும்புச் சுருளும் பிசிறும் அதன் மேல் பரப்பில் குத்தி உட்கார்ந்துகொள்ளும். ஆறு மாதம் ஓடிய பி.யு. சக்கரத்தைக் கவிழ்த்துப் பாருங்கள், அரிசியில் கல் பொறுக்கும் மாதிரி இடுக்கியால் பிசிறு பொறுக்கலாம். சுருள் அதிகம் கொட்டும் இடத்துக்கு நைலான் அல்லது வார்ப்பிரும்புச் சக்கரம் சரி. அவை இரைச்சல் போடும், நல்ல தரையைத் தேய்க்கும், குலுக்கலை அப்படியே மேலே அனுப்பும். ரப்பர் சக்கரம் குலுக்கலை நன்றாக விழுங்கும், ஆனால் எடையோடு நாள்கணக்கில் நின்றால் ஒரு பக்கம் தட்டையாகிவிடும், எண்ணெயில் ஊறிப் போகும். ஃபவுண்டரியில் சூடான காஸ்டிங் பக்கம் வார்ப்பிரும்பு தவிர வேறு எதையும் வைக்க வேண்டாம். அசெம்பிளி, பெயிண்டிங் பக்கம் பி.யு. எனக்குப் பிடித்தது.

பேரிங் இல்லாத, வெறும் புஷ் போட்ட சக்கரத்தை இந்த எடைக்கு வாங்காதீர்கள். இரண்டு பக்கமும் நூல், சுருள் புகாத மூடி உள்ளதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் சுருள் ஆக்சில் மேல் கம்பி மாதிரி சுற்றிக்கொண்டு சக்கரத்தையே பிடித்து நிறுத்தும்.

எத்தனை சுழல வேண்டும்? இரண்டு ஃபிக்ஸ்டு (திரும்பாதது), இரண்டு ஸ்விவல் (சுழல்வது). ஸ்விவல் இரண்டும் கைப்பிடிப் பக்கம், ஃபிக்ஸ்டு இரண்டும் முன்பக்கம். நான்கும் ஸ்விவல் என்றால் குறுகலான இடத்தில் நண்டு மாதிரி பக்கவாட்டில் போகலாம்தான். ஆனால் நேராக ஓட்டுவது கஷ்டம், சின்னச் சரிவிலும் வண்டி தன்னிஷ்டத்துக்குப் போகும். 500 கிலோ அப்படிப் போகக் கூடாது.

படி 3: அகலமும் உயரமும், கவிழாமல் இருக்க

ஸ்விவல் சக்கரத்தின் அச்சு, அது சுழலும் பின்னுக்கு நேர் கீழே இருக்காது. கொஞ்சம் தள்ளியிருக்கும். இந்த ஆஃப்செட் 150 மி.மீ. சக்கரத்தில் 45 மி.மீ. அளவுக்கு இருக்கும். வண்டியைப் பக்கவாட்டில் தள்ளினால் சக்கரம் எதிர்ப்புறமாகத் திரும்பிக்கொள்ளும். அதாவது எந்தப் பக்கம் போகிறோமோ, அந்தப் பக்கச் சக்கரம் வண்டிக்கு உள்ளே போய்விடும். திடீரென்று நின்றால் வண்டி எந்தப் பக்கம் கவிழப் பார்க்குமோ, அதே பக்கம்தான் நிற்கும் அகலம் குறைகிறது. இடது, வலது சக்கரப் பிளேட் மையங்களுக்கு நடுவே 500 மி.மீ. வைத்தால், பாதி 250. ஸ்விவல் முனையில் அது 205 ஆகிவிடும்.

இப்போது கவிழும் கணக்கு. மேல் தட்டு தரையிலிருந்து 800 மி.மீ. உயரம். அதில் 200 கிலோ காஸ்டிங், அதன் எடை மையம் தட்டுக்கு 150 மி.மீ. மேலே. கீழ்த் தட்டு காலி. மொத்த எடை மையம் தரையிலிருந்து ஏறத்தாழ 780 மி.மீ.க்கு வரும், வண்டி சுமார் 16 டிகிரி சாய்ந்தால் கவிழும். அதே வண்டியின் கீழ்த் தட்டில் 300 கிலோ இருந்தால் எடை மையம் 590-க்கு இறங்கும், கவிழும் கோணம் 21 டிகிரிக்குப் போகும். முதலில் கீழே ஏற்று, இறக்கும்போது முதலில் மேலே இறக்கு என்ற விதி இதிலிருந்துதான் வருகிறது.

இங்கே ஓர் இழுபறி உண்டு. சக்கரம் எவ்வளவு வெளியே இருக்கிறதோ அவ்வளவு வண்டி கவிழாது. ஆனால் வெளியே இருக்கும் சக்கரம் காலில் ஏறும், மெஷின் காலில் சிக்கும். ஸ்விவல் சக்கரம் சுழலும்போது அதன் ஓரம் பின்னிலிருந்து 120 மி.மீ. வரை போகும் (ஆஃப்செட் 45, ஆரம் 75). அதை முழுக்கத் தட்டுக்குள் அடக்க வேண்டுமானால் 600 மி.மீ. அகல டிராலியில் பிளேட் மையங்கள் 360 மி.மீ.க்குச் சுருங்கும். அது கவிழும் வண்டி.

நான் கண்ட வழி இது. கீழ்த் தட்டை 700 மி.மீ. அகலமாக வைத்து, பிளேட் மையங்களை 500-ல் வைப்பேன். சக்கரம் தட்டின் ஓரத்தை விட 20 மி.மீ. மட்டும்தான் எட்டிப் பார்க்கும். தட்டைச் சுற்றி 25 மி.மீ. தடிமன் ரப்பர் பம்பர் ஒட்டினால் அதுவும் மறைந்துவிடும்.

ஆனால் மேல் தட்டை 700 அகலமாக வைக்கக் கூடாது. இதில் பலர் தடுமாறுகிறார்கள். மேல் தட்டின் ஓரத்தில், நடுவிலிருந்து 300 மி.மீ. தள்ளி 200 கிலோவை வைத்தால், அது சக்கரம் நிற்கும் கோட்டுக்கு வெளியே நிற்கிறது. 90 கிலோ டிராலியின் சொந்த எடைதான் அதைப் பிடித்து நிறுத்துகிறது, சின்னச் சாய்விலேயே கவிழ்ந்துவிடும். மேல் தட்டு 500 மி.மீ. அகலம்தான். அப்போது நான்கு தூண்களும் நேரே காஸ்டர் (பிளேட்டோடு வரும் சக்கரம்) பிளேட்டுக்கு மேலே வந்து நிற்கும். மேலே வைத்த எடை வளையாமல் திரும்பாமல் தூண் வழியாகச் சக்கரத்துக்கு இறங்கும்.

நீளம்: கீழ்த் தட்டு 1000, மேல் தட்டு 900, சக்கர மையங்களுக்கு நடுவே 800.

படி 4: சட்டம்

50×50×3 எம்.எஸ். (சாதா இரும்பு) பாக்ஸ் பைப். மீட்டருக்கு ஏறத்தாழ 4.3 கிலோ. "40×40, 2 எம்.எம். போதுமே, பாதி விலைதானே" என்று கேட்பார்கள். போதாது, காரணம் சொல்கிறேன்.

தாளில் 300 கிலோ என்று எழுதினாலும் அவசரத்தில் ஒருநாள் 500 கிலோவும் கீழ்த் தட்டின் நடுவே உட்காரும். அதைச் சுமப்பது, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே 800 மி.மீ. தாண்டிப் போகும் இரண்டு நீள ரெயில் (நீளவாட்டுப் பைப்). எடை சமமாகப் பிரிந்தால் 50×50×3 ரெயிலில் தகைவு சதுர மி.மீ.க்கு 63 நியூட்டன். எடை முழுக்க ஒரு ரெயில் பக்கம் போனால் 125. பள்ளத்தில் இறங்கும் குலுக்கலுக்கு ஒன்றரை மடங்கு போட்டால் 190-க்குப் பக்கத்தில். பாக்ஸ் பைப்பின் தரங்களிலேயே கீழ்த் தரம் 210 நியூட்டனுக்கு மேல்தான் நிரந்தரமாக வளையத் தொடங்கும். ஆக, மோசமான நாளிலும் தாங்கும். தொய்வும் ஒரு மி.மீ. சுற்றித்தான்.

40×40×2-ல் அதே கணக்கு: சமமாகப் பிரிந்தால் 134, ஒரு பக்கம் போனால் 267, குலுக்கலோடு 400. நின்ற இடத்திலேயே வளைந்துவிடும். பைப்பின் அகலத்தில் 10 மி.மீ.யும் தடிமனில் 1 மி.மீ.யும் சேர்ந்து பலத்தை இரண்டு மடங்குக்கும் மேல் ஆக்குகிறது. மிச்சம் பிடிக்க வேறு இடம் பாருங்கள்.

குறுக்குச் சட்டம் மூன்று: இரண்டு, காஸ்டர் நிற்கும் இடத்துக்கு நேரே, ஒன்று நடுவில். தூணின் அடியில் 75×75 முக்கோணக் கஸட் (மூலையைத் தாங்கும் துண்டு), 5 மி.மீ. தகடு. கஸட்டின் உள்மூலையைக் கொஞ்சம் சீவிவிட்டால் வெல்டிங் மேல் வெல்டிங் குவியாது. பைப்பின் திறந்த முனை ஒவ்வொன்றையும் தகடு வைத்து அடையுங்கள். திறந்த முனை கையைக் கிழிக்கும், கூலன்ட் உள்ளே போய் உட்பக்கமிருந்து துரு தின்னும், வெளியே பெயிண்ட் பளபளப்பாகவே இருக்கும்.

தட்டுக்கு 3 மி.மீ. தகடு. கீழ்த் தட்டுக்கு செக்கர் பிளேட் (வழுக்காத மேட்டுக்கோடு போட்ட தகடு) நல்லது. மேல் தட்டுக்குச் சமமான தகடு போட்டு ரப்பர் விரிப்பு விரியுங்கள்.

படி 5: வெல்டிங்

ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) பைப் வேண்டாம், கறுப்பு எம்.எஸ். பைப். துத்தநாகம் பூசியதை வெல்டிங் செய்தால் வரும் வெள்ளைப் புகை அன்று ராத்திரியே குளிர் காய்ச்சலைக் கொண்டுவரும்.

3 மி.மீ. சுவருக்கு, கடையில் 12 நம்பர் என்று கேட்டால் தரும் 2.5 மி.மீ. 6013 ராடு, 70 முதல் 90 ஆம்பியர். 10 நம்பர் ராடில் பழகிய கை அவசரத்தில் பைப்பை ஓட்டை போட்டுவிடும்.

சட்டத்தைத் தலைகீழாகச் சமதளத்தில் வைத்துச் சேருங்கள். மூலைக்கு மூலை டேக் (சின்னப் பொட்டு வெல்டிங்) மட்டும் போட்டு, இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பில் அளங்கள். வித்தியாசம் 2 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அப்புறம்தான் முழு வெல்டிங், அதுவும் எதிர் எதிர் மூலையாக மாற்றி மாற்றி. ஒரே பக்கம் போட்டுக்கொண்டே போனால் சட்டம் முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய சட்டம் சமதளத்திலும் மூன்று சக்கரத்தில்தான் நிற்கும், அதாவது அந்த ஆபத்தான நொடி நாள் முழுக்க நீடிக்கும்.

தட்டுத் தகட்டை அடியிலிருந்து 150 மி.மீ.க்கு ஒரு முறை, 30 மி.மீ. நீளம் மட்டும் பிடியுங்கள். சுற்றி முழுக்க அடித்தால் அப்பளம் மாதிரி எழும்பும்.

மேல் பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று எல்லா வெல்டிங்கையும் கிரைண்டரில் மழிப்பது ஒரு கெட்ட பழக்கம். கை படும் இடத்தில் மட்டும் மழியுங்கள். கஸட் வெல்டிங்கிலும், காஸ்டர் உட்காரும் பேட் தகட்டின் வெல்டிங்கிலும் கை வைக்காதீர்கள், மழிப்பது அதன் பலத்தைத்தான்.

படி 6: காஸ்டர் பொருத்துவது

விபத்தான டிராலியில் காஸ்டர் பிளேட்டை நேராக 40 மி.மீ. ஆங்கிளில் வைத்து இரண்டு பக்கம் மட்டும் வெல்டிங் அடித்திருந்தார்கள். அதில் இரண்டு தப்பு. வெல்டிங் சூடு பேரிங் கிரீஸை எரித்துவிடும், சக்கரம் கெட்டால் கழற்றவும் முடியாது. அதோடு, பிளேட்டின் பாதி எதன் மேலும் ஒட்டாமல் தொங்கும், ஒவ்வொரு மேட்டிலும் அது மேலும் கீழும் மடங்கும்.

சரியான முறை: காஸ்டர் பிளேட்டை விடக் கொஞ்சம் பெரிய 8 மி.மீ. பேட் ஒன்றை, நீள ரெயிலும் குறுக்குச் சட்டமும் சந்திக்கும் மூலையில், இரண்டின் மேலும் உட்காரும்படி வைத்துச் சுற்றி வெல்டிங். துளைகள் பைப்புக்கு வெளியே விழுமாறு முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நட்டு போட ஸ்பானர் போகாது. காஸ்டர், பேட் மேல் நான்கு எம் 10, 8.8 தர போல்ட்டில் நிற்கும். தளராமலிருக்க உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட். முறுக்கு 45 நியூட்டன் மீட்டர் அளவு. துளையில் போல்ட் ஆடக் கூடாது, பிளேட்டில் நீள் துளை இருந்தால் தடிமனான வாஷர் கட்டாயம்.

சுழலும் பின்னை ஒரு நட்டு பிடித்திருக்கும் மாடல்களில் அந்த நட்டு குலுங்கிக் குலுங்கித் தளரும். கட்டுப்படியானால் நடுப்பின்னே இல்லாத, பெரிய குண்டு வளையத்தில் சுழலும் மாடலை வாங்குங்கள். குலுக்கலுக்கு அது நன்றாகத் தாக்குப்பிடிக்கிறது.

நான்கையும் மாட்டிய பிறகு சமதளத்தில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் ஒரு காகிதத் துண்டை நுழைத்துப் பாருங்கள். ஒன்றின் அடியில் காகிதம் தாராளமாகப் போனால், அந்தப் பிளேட்டுக்கும் பேட்டுக்கும் நடுவே மெல்லிய தகடு வைத்துச் சமப்படுத்துங்கள்.

படி 7: கைப்பிடி, பிரேக், ஓரங்கள்

கைப்பிடிக்கு 1 இன்ச் பைப் (வெளிவிட்டம் 33.7 மி.மீ.) கைக்குப் பொருத்தமாக இருக்கும். படுக்கையாக ஒன்று வைப்பதை விட, செங்குத்தாக இரண்டு வைத்தால் நெட்டையானவரும் குட்டையானவரும் அவரவர் உயரத்தில் பிடிக்கலாம். படுக்கையாகவே வேண்டுமென்றால் முழங்கை உயரத்தில், 950 முதல் 1000 மி.மீ. டிராலியின் பக்க ஓரத்திலிருந்து 70 மி.மீ. உள்ளே தள்ளி இருக்கட்டும். கதவு நிலையில் விரல் முட்டி உரசித் தோல் உரிந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். கீழ்த் தட்டின் முனையை விடக் கைப்பிடி 150 மி.மீ. வெளியே வரட்டும், நடக்கும்போது கணைக்கால் எலும்பு தட்டில் இடிக்காது.

பிரேக், கைப்பிடிப் பக்க ஸ்விவல் இரண்டிலும். சக்கரத்தை மட்டும் பிடிக்கும் பிரேக் போதாது, சுழற்சியையும் சேர்த்துப் பூட்டும் டோட்டல் லாக் வேண்டும். சுழற்சி பூட்டாவிட்டால், காஸ்டிங்கை இழுத்து இறக்கும் நேரத்தில் வண்டி பின் மேல் அசைந்து 90 மி.மீ. நகர்ந்துவிடும். ஆள் பிடி தவறுவது அப்போதுதான். பெடல் மிதிக்கும் இடத்தில் சேஃப்டி ஷூவின் முனை நுழைகிறதா என்று காலை வைத்தே பாருங்கள்.

தட்டின் ஓரத்தை மேல்நோக்கி மடக்குவதா கீழ்நோக்கியா? கையால் தூக்கி வைக்கும் சின்னப் பாகங்களுக்கு மேல்நோக்கி 25 மி.மீ. விளிம்பு. நகர்த்தி ஏற்றும் கனமான காஸ்டிங்குக்கு விளிம்பே தடை, ஒரு பக்கம் கீழ்நோக்கி மடக்கி, அங்கே கழற்றி மாட்டும் தூண்கள் வையுங்கள். உருண்டையான ஷாஃப்ட் ஏற்றுவதென்றால் வி வடிவில் வெட்டிய மரக்கட்டை வேண்டும், கந்தல் துணியைச் செருகி நிறுத்துவது நிறுத்துவதல்ல.

எடையை இரண்டு பக்கமும் பெரிதாக எழுதுங்கள்: மேலே 200, கீழே 300. இப்போது பட்டறைகளில் பீகார், ஒடிசாவிலிருந்து வந்த தம்பிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள், இந்தியிலும் சேர்த்து எழுதுங்கள்.

படி 8: வேலைக்கு விடும் முன் சோதனை

கீழ்த் தட்டின் இரு முனைக்கும் நடுவே ரெயிலை ஒட்டி நூல் கட்டுங்கள். 625 கிலோ, அதாவது ஒன்றேகால் மடங்கு எடை ஏற்றி, 375 கீழே, 250 மேலே, ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். தொய்வை அளந்து எழுதுங்கள். எடையை இறக்கியதும் ரெயில் பழைய கோட்டுக்குத் திரும்ப வேண்டும், அரை மி.மீ. மிச்சம் நின்றாலும் எங்கோ வளைந்திருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து சாய்வு. மேல் தட்டில் 200 கிலோவைக் கட்டி, கிரேன் ஸ்லிங்கைத் தளர்வாக மாட்டி வைத்து, பிரேக் போட்டு, ஒரு பக்கச் சக்கரங்களின் அடியில் 90 மி.மீ. கட்டை வையுங்கள். இது ஏறத்தாழ 10 டிகிரி. யாரும் பள்ளப் பக்கம் நிற்கக் கூடாது. வண்டி உறுதியாக நிற்க வேண்டும்.

கடைசியாக, முழு எடையோடு 10 மி.மீ. கம்பி மேல் நடக்கும் வேகத்தில் இருபது முப்பது முறை ஏற்றி இறக்குங்கள். பிறகு நான்கு பேட் வெல்டிங்கிலும் விரிசலை நிறமாகக் காட்டும் டை பெனிட்ரன்ட் ஸ்ப்ரே அடித்துப் பாருங்கள். சிவப்புக் கோடு தெரிந்தால் அந்த இடத்தை முழுக்கத் தோண்டி எடுத்துத் திரும்ப வெல்டிங். மேலோட்டமாக ஒரு கோடு போட்டு மூடக் கூடாது. இதெல்லாம் முடிந்த பிறகுதான் ரெட் ஆக்சைடும் பெயிண்டும்.

படி 9: வாரம் ஒரு முறை

சனிக்கிழமை மெஷின் துடைக்கும் நேரத்தில் டிராலியையும் காலி செய்து சாய்த்துப் பாருங்கள். ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள், கடகடவென்றால் பேரிங் அல்லது பின் நட்டு. ஆக்சிலில் சுற்றிய சுருளைப் பிடுங்குங்கள். மாதம் ஒரு முறை நிப்பிளில் (கிரீஸ் ஏற்றும் முனை) எம்.பி. 3 கிரீஸ், போல்ட் பதினாறையும் ஸ்பானர் வைத்து ஒரு முறை தொட்டுப் பாருங்கள்.

பேட் வெல்டிங்கின் ஓரத்தைத் துணியால் துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். பெயிண்டில் முடி மாதிரி ஒரு கோடு, அதிலிருந்து பழுப்பாகத் துரு கசிந்திருக்கிறதா? இருந்தால் கைப்பிடியில் சிவப்புத் துணியைக் கட்டி ஓரமாக நிறுத்துங்கள். திங்கட்கிழமை எவ்வளவு அவசர லோடு இருந்தாலும் அந்த வண்டியை எடுக்க வேண்டாம்.